உலகம்மாளின் அகலம்

அட்ஜஸ்ட் என்கிற சொல் எங்கள் ஊருக்கு எந்த வருஷம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், ஆனி ஆடியில் மலைச்சாரல் வந்து கொடியில் கிடக்கிற துணியை மூன்று நாளைக்கு உலரவிடாத இந்த ஊரில், நான் பாவாடைக்கு நாடா கோக்கப் பழகின வயதிலேயே அது எல்லார் வாயிலும் இருந்தது. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்கார வந்தவர் அதைச் சொன்னார், பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால் பரிமாறுகிறவர் அதைச் சொன்னார், மோட்டார் போட மறந்த மாடி வீட்டுக்காரர் அதைச் சொன்னார், புருஷன் வீட்டிலிருந்து அழுதுகொண்டு வந்த மகளிடம் பெற்ற தாய் அதைச் சொல்லி மறுபடி பஸ் ஏற்றிவிட்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவள் நான்தான், ஏனென்றால் நான் ப்ளவுஸ் தைக்கிறவள், சொன்ன தேதிக்குச் சொன்ன ப்ளவுஸைக் கொடுத்த தையல்காரி இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

என் பெயர் செல்லக்கனி. கீழப் புதுத்தெரு முனையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறேன். உலகம்மாள் அக்கா எனக்கு எதிர்வீடு, அங்கன்வாடியில் ஆயா, ஐம்பத்திரண்டு வயது, நல்ல அகலமான மனுஷி. அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே இருக்கிற ஒரு சாமானும் தெருவுக்குத் தெரியாது, அங்கன்வாடியில் உட்கார்ந்தால் மடியில் இரண்டு பிள்ளைகள் தாராளமாகவும் மூன்றாவது ஒன்று சண்டை போட்டும் உட்காரும். அவர் புருஷன் ஆவுடையப்பன் அண்ணாச்சி மொபெட் மெக்கானிக். ஒரே மகள் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர், வாய் வலிக்கும் என்று எல்லோரும் குழலி என்று கூப்பிடுவோம். ரத்தம் சோதிக்கிற லேபில் அவளுக்கு வேலை.

உலகம்மாள் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றாலும் "சரி" என்பார். முகம் சுளிக்காமல், பெருமூச்சு விடாமல், என்ன ஏது என்று கேட்காமல், ஒரே ஒரு "சரி".

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்குத் தைத்த ப்ளவுஸ் தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்லி வந்திருந்தார். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே, "அக்கா, வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்லா, செவ்வாய்க்கிழமை ஆயிரும் போல, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க" என்றேன். "சரி கனி" என்றார். என் கைக்குள் டேப் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தளர்ந்தது. நான் கையை விடவில்லை, அவர் மூச்சை விடவில்லை, டேப் தளர்ந்தது. பைப்பிங் துணி வேறு கலர்தான் இருக்கிறது, அதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க என்றேன், "சரி" என்றார், இன்னொரு நூல் தளர்ந்தது. மூன்றாவது தடவை நான் வேண்டுமென்றே, அது நடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சொன்னேன். அதற்கும் சரி என்றார், அதற்கும் தளர்ந்தது. அந்த மூன்றாவது தடவையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே இரண்டு போட வேண்டும் போல இருக்கும்.

மெலிவது வேறு, இது வேறு. டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்தார், எப்போதும் போல அறுபத்தொரு கிலோ. ரத்தத்தைக் குழலியே சோதித்தாள், ஒரு குறையும் இல்லை. உயரம் அப்படியே இருந்தது, குரல் அப்படியே இருந்தது, அகலம் மட்டும் ஒவ்வொரு சரிக்கும் ஒரு நூலாகக் குறைந்தது. முழம் இருந்த தோள் வைகாசியில் முக்கால் முழமாகி, ஆனிச் சாரல் விழும்போது ஒரு சாணுக்கு வந்துவிட்டது. முகமும் ஒடுங்கிப்போனது, சிரிப்பு மட்டும் இடம் போதாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. நான் மாதம் ஒரு முறை அவர் ப்ளவுஸ்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். துணியை வெட்டவில்லை. உள்ளே மடித்து மடித்துத் தைத்தேன். ஏன் வெட்டவில்லை என்று அப்போது கேட்டிருந்தால் சோம்பல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் பதறும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊர் பதறவில்லை, எவ்வளவு வசதி என்றது. எட்டு மணி பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் நாலு பேர் உட்கார்ந்தார்கள், பிறகு ஐந்து பேர் உட்கார்ந்தார்கள், கண்டக்டர் அவரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து "வாங்கம்மா, நீங்க வந்தா ஒரு சீட்டு கூட வந்த மாதிரில்லா" என்றார். வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் படுத்துக்கொண்டதால் ஒரு அறை மிச்சமாகி, அதில் கொழுந்தன் குடும்பம் வந்து சாமான்களை இறக்கியது. சதுர்த்தி அன்றைக்குக் கோயில் வரிசையில் அவரை முன்னால் விட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, ஆனாலும் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லித்தான் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார்கள், பழக்கம். வார்டு உறுப்பினர் வீட்டுக்கே வந்து நம்ம வார்டுக்குப் பெருமை என்று சால்வை போட்டார். சால்வை அவர் மேல் நிற்காமல் நழுவி விழுந்தது. அதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா என்றார்.

பிறகு சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்குப் பூ வைத்து, புதுச்சேலை கட்டி, உலகம்மாள் அக்கா முன்னால் நிறுத்தி, "பாத்துக்கோ, இப்படி இருக்கணும்" என்று காட்டிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்கள் என் கடையைத் தாண்டித்தான் போவார்கள். ஒருத்தி முகத்திலும் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க எதிர்ப்புத் தெரிவித்தது அங்கன்வாடிப் பிள்ளைகள் மட்டும்தான். மடி போய்விட்டது. மூன்று பேர் உட்கார்ந்த மடியில் ஒரு பிள்ளையின் ஒரு கால்தான் நின்றது. கடலை உருண்டை கொடுத்தும், பொம்மை கொடுத்தும் அவர்கள் சமாதானமாகவில்லை. மடி வேண்டும், மடி வேண்டும் என்று ஒரு வாரம் அழுதார்கள், அக்கா அவர்களுக்கு எதிரில் நின்றபடியே தானும் அழுததாக டீச்சர் என்னிடம் சொன்னாள்.

இந்தப் புகழைக் கேட்டுத்தான் சுரண்டையிலிருந்து குழலிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூரணவல்லி, கணீரென்று பேசுகிறவர், தாயாரைப் பார்த்துவிட்டோம், பெண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சாதுவான பையன், தலையைத் தூக்கி ஒரு தடவை குழலியைப் பார்த்துச் சிரித்தான், குழலிக்கும் பிடித்துப்போனது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். குறித்த அன்றிலிருந்து அந்த வீட்டில் அட்ஜஸ்ட் மழை. மண்டபம் சின்னது, அட்ஜஸ்ட். சமையல்காரர் வேறு ஆள், அட்ஜஸ்ட். நிச்சயதார்த்தத்துக்கு அறுபது பேர் என்று சொல்லி நூற்று நாற்பது பேர் வந்தார்கள், அதற்கும் அட்ஜஸ்ட். அக்கா ஒவ்வொன்றுக்கும் சரி சொல்லிச் சொல்லி நாலு விரல்கடைக்கு வந்து நின்றார். காற்றடித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எங்கள் ஊரில் ஆடிக் காற்று சும்மா அடிக்காது.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. உறவுக்காரர்கள் வர வேண்டும், சீர் இறங்க வேண்டும், சம்பந்திமார் முகம் கோண வேண்டும். நான் மனதுக்குள் நூல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாரை வார்க்கிற அன்றைக்குச் செம்பைப் பிடிக்க இந்த மனுஷி இருக்க மாட்டார் என்று தெரிந்தது. அவரிடமே கேட்டேன்.

"பயமா இல்லயாக்கா?"

"குழலி கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் இருந்துட்டா போதும் கனி. தாரை வாக்கும்போது அவ கையை ஒரு தடவை பிடிச்சுக்கிடணும். அதுக்கப்புறம் என்ன ஆனா என்ன."

அந்த வாரம் குழலி முகூர்த்த ப்ளவுஸுக்கு இரண்டாவது தடவை அளவு கொடுக்க வந்தாள். ஆனியில் எடுத்த அளவு நோட்டில் இருந்தது. இப்போது டேப்பை வைத்தேன். மறுபடி வைத்தேன். நாலு நூல் குறைந்திருந்தது. அவள் கையைத் தூக்கச் சொன்னேன், பிறந்தநாளுக்கு இறுக்கிப் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல் முழங்கைவரை சறுக்கிக்கொண்டு வந்தது.

"உனக்கு யாருட்டி சொன்னா?" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். "சுரண்டை அத்தை போன்ல பேசுவாவ. தினமும் ஒரு தடவை சொல்லுவாவ. என்ன ஏதுன்னு சொல்ல மாட்டாவ, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்ம்மான்னு மட்டும்தான். நானும் சரி அத்தைன்னு வச்சிருவேன்."

நான் அவளை அனுப்பிவிட்டு, டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா பீரோ இடுக்கில் நின்றுகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஆனி மாத அளவைக் காட்டினேன், டேப்பில் இன்றைய அளவைப் பிடித்துக் காட்டினேன், இது குழலி அளவு என்று சொன்னேன். அவர் நாலு நூல் இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தார். தன் தோள் நாலு விரல்கடைக்கு வந்தபோது சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி, மகளின் நாலு நூலுக்கு உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி என்னைக்கு வாறாவ?" என்று கேட்டார்.

பூரணவல்லி திங்கட்கிழமை வந்தார், முகூர்த்தப் பட்டிலிருந்து வெட்டின ப்ளவுஸ் துணியோடு நேராக என் கடைக்கே வந்தார். அக்காவை அழைத்துவரச் சொன்னார். நான் இரண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டேன், காபி வாங்கி வைத்தேன். துணியைப் பற்றி, பார்டரைப் பற்றி எல்லாம் பேசி முடித்த பிறகு, பூரணவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"சம்பந்தி, பொண்ணுக்கிட்ட நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லணும். கல்யாணத்துக்கு அப்புறம் அவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்."

அக்கா வாயைத் திறந்தார். "சரி" வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்படின்னா அவ என்ன செய்யணும்?" என்று கேட்டார் உலகம்மாள் அக்கா.

இன்னொரு மெஷினில் எனக்கு உதவியாகத் தைக்கிற பெண் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் இந்தச் சொல் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அதான் சம்பந்தி. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். அனுசரிச்சு..."

"எதை அனுசரிச்சு?"

"விட்டுக்கொடுத்து..."

"எதை விட்டு, யாருக்குக் கொடுத்து?"

"பொறுத்து..."

"எத்தனை நாளைக்குப் பொறுத்து?" அக்காவின் குரலில் கோபம் இல்லை, பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்பாரே, அந்தக் குரல்தான். "சண்டைக்குக் கேக்கல சம்பந்தி. கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுங்க. முடியும்னா முடியும்னு சொல்லுதோம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுதோம்."

பூரணவல்லி காபியைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க பொண்ணு வேலைய விட்டுரணும். காலைல ஏழு மணிக்கு அவ லேபுக்குப் போயிட்டா எனக்கு அடுப்படில துணைக்கு ஆள் இல்ல." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒரு தடவை கேட்டுப்பார்க்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். "இப்படிச் சொன்னா நல்லாவே இல்லயே."

"கேக்கவும் நல்லா இல்ல" என்றார் அக்கா.

"எனக்கு டீச்சர் டிரெயினிங்குக்குக் கார்டு வந்துச்சு சம்பந்தி" என்றார் பூரணவல்லி, யாரோ தூண்டிவிட்டது போல. "கல்யாணமாகி ரெண்டாம் மாசம். எங்க மாமியார் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ. நீ போகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை வாயில வரல. வந்திருந்தா ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். என்னன்னு சண்டை போட? அட்ஜஸ்டோட யாரு சண்டை போட முடியும்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினபோது நான் பார்த்தேன். கணீரென்று பேசுகிற அந்த அம்மாவின் ப்ளவுஸ் பக்கவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வரி பிடித்துத் தைத்திருந்தது. யாரோ ஒரு தையல்காரி வருஷா வருஷம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இதைப் பார்க்க எங்களைப் போன்ற தையல்காரிகளின் கண்ணால்தான் முடியும். உலகம்மாள் அக்கா கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு விரல்கடை மனுஷிக்குக் கை மட்டும் என்ன அகலமாக இருக்கும், ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ வேலைக்குப் போகட்டும்" என்றார் பூரணவல்லி. "காலை அடுப்படிக்கு என் பையன் எந்திரிக்கட்டும். எந்திரிக்க மாட்டான். எழுப்புதேன்."

அன்று சாயங்காலம் அக்கா மீது டேப்பை வைத்தேன். ஒரு நூல் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி தெருவில் இறங்கியது. பஸ்ஸில் நாலாவதாக உட்கார வந்த பெண்ணிடம் அக்கா கேட்டார், அப்படின்னா நான் என்ன செய்யணும் என்று. அவள் திகைத்துப்போய் யோசித்து, "கால் வலிக்கு மைனி, ரெண்டு ஸ்டாப்புக்கு உங்க இடத்துல உக்காந்துக்கிடட்டா?" என்றாள். அக்கா சந்தோஷமாக எழுந்து இடம் கொடுத்தார், நின்றுகொண்டே போனார், நூல் கூடியதே தவிரக் குறையவில்லை. கொழுந்தனிடம் கேட்டார், அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "மதினி, உங்க ரூம நாங்க எடுத்துக்கிட்டோம், வேற வீடு பாக்கச் சோம்பலா இருந்துச்சு" என்று சொல்லி மூன்றாவது நாள் வீடு பார்த்துப் போனார். கொஞ்ச நாளில் மற்ற பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள், அப்புறம் ஆண்களும் கேட்டார்கள், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்துகிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: தள்ளி உட்காருங்கள், காத்திருங்கள், பசியோடு இருங்கள், பார்க்காத மாதிரி இருங்கள், எனக்காகப் பொய் சொல்லுங்கள், நான் மறந்துவிட்டேன், எனக்கு அக்கறை இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. முழுசாகச் சொல்ல வந்த பாதிப்பேர், சொல்வதற்குள்ளேயே வேண்டாம் விடுங்கள் என்று போய்விட்டார்கள்.

என்னிடமும் கேட்டார். மகள் கல்யாணத்துக்கு அவர் போட வேண்டிய ப்ளவுஸ் சொன்ன தேதிக்குத் தயாராகவில்லை. வழக்கம்போல வாயைத் திறந்த நான், பிரித்துச் சொன்னேன். "அக்கா, நேரம் இருந்துச்சு. சீரியல் பாத்துட்டு உக்காந்துட்டேன்." அவர் சிரித்த சிரிப்பில் டேப் என் கையிலேயே இறுகியது.

இப்படி வளர்ந்து வளர்ந்து முக்கால் முழம் வந்தார், அங்கன்வாடியில் ஒரு பிள்ளை மடியேறியது, குழலியின் வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. ஆனால் அந்த முக்கால் முழத்தோடு அக்காவின் அகலம் நின்றுவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், நூல் நகரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி கடைக்கு வந்தார். பெண்கள் கடை என்று வாசலைத் தாண்ட மாட்டார், அன்றைக்கும் படியில்தான் நின்றார், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

"கனி, வீட்டுல அளவு எவ்வளவு ஆச்சு?"

"முக்கால் முழம் அண்ணாச்சி. இன்னும் கால் முழம் வரணும்."

"அது நான் சொன்னதா இருக்கும்." துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "பிரேக் ஒயர இறுக்குறது மட்டும் அட்ஜஸ்ட் இல்ல தெரியுமா? சில வண்டிக்கு நட்டை ஒரு மறை லூஸ் வைக்கணும். இறுக்கிட்டே இருந்தா சக்கரம் சுத்தாது. முப்பது வருசமா இதே வேலை பாக்கேன், வண்டிக்குத் தெரிஞ்சது வீட்டுல தெரியாமப் போச்சு."

அவர் பேசுகிற ஆளே இல்லை, பேச வந்திருக்கிறார், குறுக்கே விழக் கூடாது.

"அவ அம்மா இறந்த அன்னைக்குத் தகவல் காலைலயே வந்துட்டு. கடையில ரெண்டு வண்டி பிரிச்சுப் போட்டுக் கிடந்துச்சு. மத்தியானம் போவோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னேன். சரின்னா. நாங்க போறதுக்குள்ள எடுத்துட்டாவ. சுடுகாட்டுல புகைதான் தெரிஞ்சது." துணியை மடித்தார். "இருபது வருசம் ஆச்சு. ஒரு நாள்கூட அவ அதைப் பத்திப் பேசல. இப்ப அதைப் பிரிச்சுப் பாக்கேன் கனி. பொறுத்துக்கோன்னு சொன்னா சரியா வரல, விட்டுக்கொடுன்னு சொன்னா சரியா வரல. அதுக்கு என்ன வார்த்தை?"

எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நான் எடுத்துக் கொடுத்தால் அது என் வார்த்தையாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு முகூர்த்தம். ஊக்கு தெறித்தால் தைக்க, பின் குத்த என்று ஊசி நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் மேடையில் உலகம்மாள் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். முக்கால் முழத்துக்குப் பிடித்துத் தைத்த அரக்கு ப்ளவுஸ், பாக்கித் துணியெல்லாம் உள்ளே மடிப்பில். மணமேடையில் குழலி முழுசாக, அழகாக உட்கார்ந்திருந்தாள். தாரை வார்க்கிற நேரம் வந்தது. அண்ணாச்சி மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார், அக்கா செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட வேண்டும். ஐயர் சொல்லிவிட்டார், நாதஸ்வரம் நின்று காத்திருந்தது. அந்த இடைவெளியில், மகளின் கையைப் பிடித்த கையை எடுக்காமல், அண்ணாச்சி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உலகு, உங்க அம்மா முகத்த நீ பாக்க விடாமப் பண்ணிட்டேன். என் தப்பு. என்னை மன்னிச்சுரு."

அக்கா சரி என்று சொல்லவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்துவரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"இதைச் சொல்ல இருபது வருசமா உங்களுக்கு?" என்றார். என்றுவிட்டு, இடது கையால் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் செம்பைச் சாய்த்தார்.

தண்ணீர் விழுந்தது, எனக்கு முன்னால் படபடவென்று தையல் தெறித்தது. முதலில் வலது பக்கம் ஒரு வரி, பிறகு இடது பக்கம் ஒரு வரி, பிறகு வரிசையாக, உள்ளே மடிந்துகிடந்த துணியெல்லாம் ஒவ்வொரு மடிப்பாக விரிந்து வெளியே வர, தோள் அகன்று, முதுகு அகன்று, எனக்கு மாப்பிள்ளையும் தெரியவில்லை, ஐயரும் தெரியவில்லை, எதிரே மண்டபமே தெரியவில்லை. தான் போட்ட தையல் நாலு பேர் முன்னால் தெறிப்பதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட தையல்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு இடத்தில்கூட துணி பற்றாமல் போகவில்லை.

தாலி கட்டி முடிந்து போட்டோவுக்கு நின்றோம். பூரணவல்லியும் நானும் ஒரு பக்கம், அக்காவும் அண்ணாச்சியும் மறுபக்கம், நடுவில் மணமக்கள், அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடிப் பிள்ளைகள் மூன்று. போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அம்மா, ஃப்ரேமுக்குள்ள வர மாட்டேங்கு, நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

பூரணவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மாள் அக்கா அசையவில்லை. தன் முழு அகலத்துக்கும் நின்றுகொண்டு, பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னார்.

"நீ ரெண்டு எட்டு பின்னால போய் எடு தம்பி."

போட்டோக்காரர் பின்னால் போனார். எல்லோரும் வந்தோம்.